கட்டுரைக்கும் பத்திக்கும் தலைப்பு வைப்பது எப்படி? யோசிப்பதிலிருந்து தாளில் அமைப்பது வரை முழு வழிகாட்டி

பரீட்சைத் தாளோ, கல்லூரி அசைன்மென்ட்டோ, இதழுக்கு அனுப்பும் கட்டுரையோ, எதுவானாலும் பெரும்பாலானவர்கள் தலைப்பாக வைப்பது எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைத்தான். ‘சுற்றுச்சூழல்’, ‘கல்வியின் முக்கியத்துவம்’, ‘பெண்கள் முன்னேற்றம்’ என்று எழுதிவிட்டு நேராக முன்னுரைக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தலைப்புகளில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதே தலைப்பை வகுப்பில் இருக்கும் எல்லாரும் வைக்கலாம் என்னும்போது உங்கள் கட்டுரை என்ன சொல்கிறது என்பது அதில் எங்கே இருக்கிறது? படிப்பவர் முதலில் பார்க்கும் வரி அது. அதில் உங்கள் கருத்தின் சாயலாவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் ஒரு தற்காலிகத் தலைப்பு

எழுதத் தொடங்கும்போதே நல்ல தலைப்பு கிடைத்துவிட வேண்டும் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பொருளின் பெயரையே தாளின் மேலே பென்சிலில் எழுதிவையுங்கள், போதும். இது உங்களுக்கு மட்டுமான அடையாளம். எழுதி முடித்தபிறகுதான் கட்டுரை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பரீட்சையாக இருந்தால் தலைப்புக்கு ஒரு வரி, அதன் கீழே ஒரு வரி என இடம் விட்டுவிட்டு எழுதத் தொடங்கி, முடிவுரை எழுதியதும் மேலே போய் நிரப்புங்கள். மணி அடிக்கும் அவசரத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுத் தாளைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியிலேயே தலைப்பு கொடுத்திருந்தால் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும். குறிப்புகளை மட்டும் கொடுத்து, கட்டுரை எழுதித் தலைப்பும் தரச் சொல்லியிருந்தால்தான் கீழே வரும் வேலையெல்லாம்.

படி 2: பொருளைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோவோம். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ பற்றி எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் சென்னைக்காரர், எழுதியதெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அந்தச் சதுப்பின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது, சுற்றிலும் கட்டடங்கள் வந்தன, 2015 வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியது, 2022இல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தலைப்பை இறக்கிக்கொண்டே வாருங்கள்.

‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்றால் உலகமே அதில் அடங்கும், பனிமலை உருகுவதையும் அதில் தேடுவார்கள்.

‘சென்னையின் நீர்நிலைகள்’ என்றால் செம்பரம்பாக்கம் எங்கே, புழல் எங்கே என்று கேட்பார்கள்.

‘பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்’ என்றால் இடம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தைப் பற்றி என்ன? பறவைகளா, குப்பையா, வெள்ளமா?

‘வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணை’ என்றால் இடமும் இருக்கிறது, நீங்கள் சொல்ல வந்ததும் இருக்கிறது. சதுப்பு நிலத்தைத் தரிசு என்று நினைத்து மேடாக்கினால் மழைநீர் வீட்டுக்குள்தான் வரும் என்ற உங்கள் வாதத்துக்கு அந்த ஒரு வினைச்சொல்லே போதும்.

கவனித்திருப்பீர்கள், கடைசிப் படியில் சேர்ந்தது ஒரு வினை. என்னைக் கேட்டால் தலைப்பை உயிருள்ளதாக ஆக்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. ‘வாங்கிக்கொள்ளும்’, ‘காக்கும்’, ‘தொலைத்த’, ‘மறந்த’ மாதிரி ஒரு பெயரெச்சம் வந்தாலே கட்டுரை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். திருக்குறள் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள், ‘புறங்கூறாமை’, ‘கள்ளுண்ணாமை’, ‘புலால் மறுத்தல்’. ‘கள்’ என்றோ ‘புலால்’ என்றோ பொருளின் பெயரோடு நிறுத்தவில்லை, நிலைப்பாடு தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அதிகபட்சம் இரண்டு மூன்று சொல், அதற்குள்.

அதற்காக ரொம்பவும் சுருக்கிவிடக் கூடாது. ‘ஒக்கியம் மடுவு’ என்று வைத்தால் கட்டுரையில் ஒரு பத்திக்குத்தான் அது பொருந்தும். தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியையும் ‘இது இந்தத் தலைப்புக்குக் கீழே வருமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பத்தி வெளியே நின்றால் தலைப்பு குறுகிவிட்டது, அல்லது அந்தப் பத்திகள் அங்கே இருக்கத் தேவையில்லை. இரண்டில் எது என்று தீர்மானிப்பது உங்கள் வேலை.

படி 3: கட்டுரைக்குள்ளேயே தேடுங்கள்

தலைப்பு கிடைக்கவில்லை என்று மேலே பார்த்து யோசிப்பதைவிட, எழுதியதை இன்னொரு தடவை படித்து, நன்றாக வந்திருக்கும் சொற்றொடர்களின் கீழே கோடு போடுங்கள். நம்மிடம் இது பழைய வழக்கம். பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயர் பாட்டுக்கு உள்ளே வரும் ஒரு தொடர்தான். ‘புண்ணுமிழ் குருதி’ அப்படி வந்த பெயர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எழுதியவரின் பெயர்கூடத் தெரியவில்லை, ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற அவருடைய தொடரை வைத்தே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். ஒரு நல்ல தொடர் பாட்டைத் தாண்டி ஆளுக்கே பெயராகி நிற்கிறது என்றால் அதன் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரையில் அப்படிப்பட்ட தொடர் பெரும்பாலும் முடிவுரைக்குச் சற்று முன்னால் கிடைக்கும். எழுதி எழுதிக் கை சூடாகி, சொல்ல வந்ததை நேராகச் சொல்லியிருக்கும் இடம் அது. பள்ளிக்கரணைக் கட்டுரையில் ‘நீருக்கும் ஓர் இடம் வேண்டும்’ என்று ஒரு வரி வந்திருந்தால், அதுவே தலைப்பாகலாம். ஆனால் அதைப் பார்த்து எது பற்றிய கட்டுரை என்று யாருக்கும் தெரியாது. அப்போது துணைத்தலைப்பு உதவும்: ‘நீருக்கும் ஓர் இடம் வேண்டும்: பள்ளிக்கரணையும் சென்னை வெள்ளமும்’. முதல் பாதி மனத்தில் நிற்பதற்கு, இரண்டாம் பாதி விவரத்துக்கு. கல்லூரிக் கருத்தரங்குக் கட்டுரைகளுக்கு இந்த இரட்டை அமைப்பு நன்றாகப் பொருந்தும். பள்ளிக் கட்டுரைக்கு இது வேண்டாம், ஒற்றைத் தலைப்பே அழகு.

படி 4: தேய்ந்துபோனவற்றைக் கழித்துவிடுங்கள்

‘காலத்தின் கட்டாயம்’, ‘நேற்று, இன்று, நாளை’, ‘ஒரு பார்வை’, ‘ஒரு கண்ணோட்டம்’, ‘இன்றைய இளைஞர்களும் ...யும்’. இவற்றில் எதை எடுத்தாலும் எந்தக் கட்டுரைக்கும் ஒட்டலாம், அதனால்தான் எதற்கும் ஒட்டுவதில்லை. ‘ஒரு பார்வை’யை வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள், தலைப்பில் எதுவும் குறையவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை.

கேள்வித் தலைப்பு தாராளமாக வைக்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. ‘சென்னை ஏன் மூழ்குகிறது?’ என்று கேட்டால் கட்டுரை முடிவதற்குள் பதில் வந்தாக வேண்டும். பதிலே சொல்லாமல், அரசும் மக்களும் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்று முடித்தால் படித்தவருக்கு ஏமாற்றம்தான். எதுகை மோனை தானாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகவே பொருந்தாத சொல்லை இழுத்துவர வேண்டாம்.

நீளத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் மூன்றிலிருந்து ஆறு சொல். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஐந்து சொல்லே ஒரு முழு வரியாகிவிடும்.

படி 5: பத்திக்குத் தலைப்பு

உரைப்பத்தியைக் கொடுத்துப் பொருத்தமான தலைப்பு கேட்பதும், சுருக்கி எழுதித் தலைப்பிடச் சொல்வதும் பள்ளித் தேர்விலிருந்து போட்டித் தேர்வு வரைக்கும் உண்டு. இங்கே நீங்கள் எழுதியவர் இல்லை, படிப்பவர். உங்கள் சொந்தக் கருத்துக்கு இடமில்லை, பத்தி சொன்னதை மட்டும் தலைப்பு சொல்ல வேண்டும். இந்தப் பத்தியைப் பாருங்கள்:

“கண்மாய்க் கரையில் பனை நின்றால் கரை எளிதில் கரையாது. பனையின் வேர்கள் சல்லிவேர்களாகக் கொத்துக் கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நுங்குக்கும் பதநீருக்கும் ஓலைக்கும் பனை வைத்தவர்கள், மழைக்காலத்தில் நீர் ஏறி அலை அடிக்கும்போது மண் அரித்துப் போகாமல் இருக்கவும் அதை வைத்தார்கள். பனையை வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது.”

முதல் வேலை, திரும்பத் திரும்ப வரும் பொருள் எது என்று பார்ப்பது. பனை, கரை, மண். இரண்டாவது வேலை, எந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் பத்தியே விழுந்துவிடும் என்று பார்ப்பது. இங்கே அது முதல் வாக்கியம். பல பத்திகளில் அது முதலிலோ கடைசியிலோ இருக்கும், ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி நடுவில் இருப்பதைப் படிக்காமல் விடாதீர்கள்.

இப்போது தலைப்புகளை நிறுத்திப் பாருங்கள். ‘பனை’ மிக அகலம். ‘பனையின் பயன்கள்’ என்றுதான் நிறைய பேர் எழுதுவார்கள். ஆனால் நுங்கும் பதநீரும் ஓலையும் பத்தியில் வழியோடு வந்து போகின்றன, பத்தி பேசுவது ஒரே ஒரு பயனை. ‘மண் அரிப்பு’ என்றால் பனை விடுபட்டுப்போகிறது. ‘பனையைக் காப்போம்’ என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் பத்தி அப்படி வேண்டுகோள் எதுவும் வைக்கவில்லை, அது நீங்களாகச் சேர்த்தது. ‘கரை காக்கும் பனை’ சரி. மூன்று சொல்லில் பத்தி முழுக்க உள்ளே வந்துவிட்டது. பல தெரிவுகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியிலும் இதே வழிதான்: அகலமானதை அடியுங்கள், ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பொருந்துவதை அடியுங்கள், பத்தியில் இல்லாததைச் சொல்வதை அடியுங்கள். மிஞ்சுவதுதான் விடை.

படி 6: உள்தலைப்புகள்

பள்ளிக் கட்டுரையில் முன்னுரை, முடிவுரை என்ற உள்தலைப்புகளை எதிர்பார்ப்பார்கள், கட்டாயம் போடுங்கள். நடுவில் வருபவைதான் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை ஒரே அச்சில் வையுங்கள். ‘சதுப்பின் நீர்வழி’, ‘குப்பைமேடு எப்படி வந்தது?’, ‘வெள்ளத்தைத் தடுப்போம்’ என்று ஒன்று பெயராகவும் ஒன்று கேள்வியாகவும் ஒன்று அறைகூவலாகவும் இருந்தால் படிக்கும்போது தடுக்கும். ‘சதுப்பின் நீர்வழி’, ‘குப்பைமேட்டின் வரவு’, ‘வெள்ளத்தின் பாடம்’ என்றால் ஒரு வரிசை வந்துவிடுகிறது. பிறகு உள்தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள், கட்டுரையின் போக்கு புரிய வேண்டும். புரியவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு தலைப்பில் இருக்காது, பத்திகளின் வரிசையில் இருக்கும்.

ஒரு பக்கக் கட்டுரைக்கு மூன்று நான்கு உள்தலைப்புக்கு மேல் வேண்டாம். உள்தலைப்பைப் படித்துத்தான் வாக்கியம் புரியும் என்ற நிலையும் கூடாது. ‘குப்பைமேட்டின் வரவு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் ‘இது பல ஆண்டுகளாக வளர்ந்தது’ என்று தொடங்காதீர்கள். ‘பெருங்குடிக் குப்பைமேடு’ என்று மறுபடியும் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள்.

படி 7: ஒற்றைப் பாருங்கள்

கட்டுரைக்குள் ஒரு ஒற்று விடுபட்டால் கண்ணுக்குத் தப்பிவிடலாம், தலைப்பில் விடுபட்டால் கொட்டை எழுத்தில் தெரியும். அதனால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. தலைப்புகளில் அடிக்கடி தவறுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘கல்வி கொள்கை’ என்பது பிழை, ‘கல்விக் கொள்கை’. ‘தமிழ் கவிதை’ பிழை, ‘தமிழ்க் கவிதை’. இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும்: ‘பனையைக் காப்போம்’. ‘கு’ வந்தாலும் அப்படியே: ‘ஏரிக்குத் திரும்பிய நீர்’. ‘அந்த’, ‘இந்த’ வந்தாலும் மிகும்: ‘இந்தக் கரையில்’. ஆனால் ‘சில’, ‘பல’ வந்தால் மிகாது, ‘சில குறிப்புகள்’ என்பதுதான் சரி, ‘சிலக் குறிப்புகள்’ என்று எழுதக் கூடாது. ‘காக்கும் பனை’, ‘மறந்த குளம்’ போன்ற பெயரெச்சங்களிலும் மிகாது. ஆனால் எதிர்மறைப் பெயரெச்சத்தில் ஈறு கெட்டு வந்தால் மிகும்: ‘வற்றாக் குளம்’. ‘வற்றாத குளம்’ என்று முழுதாக எழுதினால் மிகாது.

அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளில் கடைசியில் வரும் ‘ஓர் ஆய்வு’. உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்ற இடங்களில் ‘ஒரு’. ‘ஒரு ஆய்வு’ என்று பேச்சில் சொல்வோம், தலைப்பில் ‘ஓர் ஆய்வு’ என்றே இருக்கட்டும். அதைவிட அதிகம் கண்ணை உறுத்துவது ‘ஓர் பார்வை’, இலக்கியமாகத் தெரியும் என்று நினைத்து எழுதுகிறார்கள், அது பிழை.

படி 8: கையால் எழுதும்போது

தலைப்பு பக்கத்தின் நடுவில், தனி வரியில். கீழே ஒரு வரி இடம். பரீட்சையில் வினா எண்ணை ஓரத்தில் எழுதுங்கள், தலைப்புக்கு முன்னால் ஒட்ட வேண்டாம். உள்தலைப்பு இடப்பக்கம் தொடங்க வேண்டும். அடிக்கோடு இடலாம், ஆனால் எழுத்தை ஒட்டிப் போடாதீர்கள். பு, சு, து, ழு போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகள், அவற்றின் காலை வெட்டிக்கொண்டு கோடு போனால் அசிங்கமாகவும் இருக்கும், படிக்கவும் சிரமம். கொஞ்சம் தள்ளி அளவுகோல் வைத்து ஒரே கோடு போட்டால் போதும், இரட்டைக்கோடு, அலைக்கோடு, பூ வேலைப்பாடு எதுவும் மதிப்பெண் தராது, நேரத்தைத்தான் தின்னும்.

தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். கேள்வியானால் கேள்விக்குறி போடுங்கள். வியப்புக்குறி ஒன்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம், அந்த ஒன்றுகூட அபூர்வமாகத்தான் தேவைப்படும். முழுத் தலைப்பையும் மேற்கோள்குறிக்குள் அடைக்காதீர்கள். தலைப்புக்குள் ஒரு நூலின் பெயரோ பாட்டு வரியோ வந்தால் அதற்கு மட்டும் ஒற்றை மேற்கோள்குறி.

படி 9: கணினியில் அமைக்கும்போது

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. அதனால் தலைப்பைப் பிரித்துக் காட்ட நம்மிடம் இருப்பவை அளவும் தடிமனும் சுற்றியுள்ள வெற்றிடமும்தான். சாய்வெழுத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனியாக வரைந்த வடிவம் இல்லை, மென்பொருள் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது, பார்க்க நன்றாக இருக்காது. உடல் பகுதி 11 அல்லது 12 புள்ளி, உள்தலைப்பு 13 அல்லது 14 போல்டு, தலைப்பு 16 போல்டு என்று வைத்தால் அசைன்மென்ட்டுக்குக் கச்சிதமாக இருக்கும். கல்லூரியோ இதழோ தனியாக விதி கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். உள்தலைப்புக்கு மேலே இடம் அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கட்டும், அப்போதுதான் அது எந்தப் பத்திக்கு உரியது என்று கண்ணுக்குத் தெரியும்.

எழுத்தைத் தேர்ந்து பெரிதாக்கி, போல்டு போட்டு, நடுவில் தள்ளி என்று ஒவ்வொரு உள்தலைப்புக்கும் கையால் செய்பவர்கள் இன்னமும் நிறைய. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இதற்கென்றே ஸ்டைல்ஸ் இருக்கிறது. கட்டுரைத் தலைப்புக்கு ‘டைட்டில்’, உள்தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, அதற்கும் உள்ளே போனால் ‘ஹெடிங் 2’. இப்படிச் செய்தால் பொருளடக்கத்தை மென்பொருளே போட்டுத் தரும், பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும், நடுவில் அளவை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். வேர்டில் ஹெடிங் ஸ்டைல் போட்ட வரி பக்கத்தின் அடியில் தனியாக நிற்காமல் அடுத்த பத்தியோடு சேர்ந்தே நகரும் என்பது இன்னொரு வசதி.

தமிழ் எழுதுபவர்களுக்கு வேர்டில் ஒரு சிக்கல் வரும். ஹெடிங் ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றியிருப்பீர்கள், ஆங்கில எழுத்துகள் மாறும், தமிழ் அப்படியே இருக்கும். காரணம், வேர்டு தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் வகையில் சேர்த்து, அதற்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-டி அழுத்தினால் வரும் ஃபான்ட் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும், தமிழ் எழுத்துருவையும் அளவையும் போல்டையும் அங்கே கொடுங்கள். ஸ்டைலை மாடிஃபை செய்யும்போதும் ஃபார்மட் பட்டனில் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து அதே பெட்டிக்குப் போகலாம்.

நீண்ட தலைப்பு இரண்டு வரியானால், வரி உடையும் இடத்தை மென்பொருளிடம் விடாதீர்கள். ‘வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு’ முதல் வரியிலும் ‘நிலம்’ மட்டும் தனியாக இரண்டாவது வரியிலும் வந்தால் பாதியில் விட்டது போல இருக்கும். ‘வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும்’ ஒரு வரி, ‘பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்’ ஒரு வரி. அப்படி உடைக்க வெறும் என்டர் அடித்தால் அது இரண்டு தனிப் பத்திகளாகிவிடும், உள்தலைப்பானால் பொருளடக்கத்திலும் இரண்டு தலைப்புகளாக வந்து நிற்கும், ஷிஃப்ட்டோடு என்டர் அடியுங்கள்.

எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். நிர்மலா விண்டோஸோடு வருவது, நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. எதில் செய்தாலும் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி, அதைக் கைபேசியில் ஒருமுறை திறந்து தலைப்பில் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கோப்பின் பெயர் ‘டாக்குமெண்ட் 1’ என்று இருந்தால் அதையும் மாற்றி, கட்டுரைத் தலைப்பின் முதல் இரண்டு சொல்லையும் உங்கள் பெயரையும் சேர்த்து வைத்து அனுப்புங்கள்.